மேடையில் கேட்ட கல்விக் கணக்குகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

சேலம் கருப்பூர், டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைக்காரர்:

பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கடை. பிராஜெக்ட் பைண்டிங்தான் முக்கால்வாசி வருமானம். தேர்தல் வந்தால் நோட்டீஸ். போன தேர்தலுக்கு ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்ததில் 'உயர்கல்வியில் தமிழகம் 51.4லிருந்து 46.9 சதவீதமாகச் சரிந்தது' என்று இருந்தது. பைண்டிங்குக்குக் காத்திருந்த மாணவி திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எண்ணும் சரிதான் அண்ணா, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாது" என்றது.

விஷயம் இதுதான். கல்லூரியில் சேர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையை 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இந்தச் சேர்க்கை விகிதம். அந்த வயதுக்காரர்களை வருடா வருடம் யாரும் எண்ணுவதில்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கணித்துக்கொள்கிறார்கள். 2019-20 வரை 2001 கணக்கெடுப்பு, அதில் வந்தது 51.4; 2020-21 முதல் 2011, அதில் வந்தது 46.9. வகுக்கும் எண் பெரிதானதும் விகிதம் இறங்கிவிட்டது. இந்தியா முழுவதற்கும் இதே கதை: 2019-20க்குப் பழைய முறையில் 27.1, அதே ஆண்டுக்கே புதிய முறையில் 25.6. ஒரு மாணவர்கூடக் குறையவில்லை.

கட்சிக்காரரிடம் சொன்னேன். "எண்ணு தப்பில்லைல்ல? அப்புறம் என்னங்க, போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். கடை வாடகை என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு எதிர்த்தரப்பு வந்தது: 'தமிழகத்தில் இருவரில் ஒருவர் பட்டதாரி'. ஆதாரம் 2021-22இன் 47 சதவீதம். அது சேர்ந்தவர்களின் கணக்கு, முடித்தவர்களுடையது அல்ல; தொலைநிலைக் கல்வியில் படிக்கிற 40 வயதுக்காரரும் அதில் வருவார். இவர் பரவாயில்லை, கேட்டுக்கொண்டார். 'சேர்க்கை 47, நாடு முழுவதும் 28.4' என்று மாற்றிப் போட்டோம். ஒரே ஆண்டு, ஒரே முறை.

ஏற்காடு, ஆசிரியை:

இங்கே ஒரு கூட்டத்தில் பேசியவர் '2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவு' என்று ஆரம்பித்ததுமே, பக்கத்தில் நின்ற டீச்சரும் நானும் சிரித்துவிட்டோம். கணக்கெடுக்கப் போகிறவர்களே எங்களைப் போன்றவர்கள்தானே! 2011க்கு நாகலூர்ப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். 2021இல் கொரோனாவால் அந்த வேலையே நடக்கவில்லை. மாவட்டத்துக்கு அப்போது இருந்த கடைசி எண் 2011இன் 72.86, மாநிலத்துக்கு 80.09.

கூட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டேன். "மேலேயிருந்து அனுப்பினாங்க மேடம்" என்றார். ஏற்காட்டில் நின்றுகொண்டு இன்னும் எவ்வளவு மேலே என்று கேட்கத் தோன்றியது, விட்டுவிட்டேன். எனக்கு வருத்தம் வேறு. சேலம் நகரத்தையும் எங்கள் மலைக் கிராமங்களையும் ஒன்றாகக் கலந்த சராசரி அந்த 72.86. மலைக்கு மட்டும் என்ன நிலை என்று எந்தக் கட்சிக்காரரும் என்னிடம் கேட்டதில்லை.

அம்மாப்பேட்டை:

எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் மதிய உணவுதான். மாமனார் ஒரு கட்சி, அவர் தம்பி இன்னொன்று. பள்ளியில் சோறு போட்டது முதலில் நாங்கள்தான் என்று இருவரும் சொல்வார்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் தொடங்கினார்கள். 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982, காலை உணவு 2022. 'முதன்முதலில்' என்று யார் ஆரம்பித்தாலும் "எந்த ஊருல, எந்த வேளைக்கு மாமா?" என்று மட்டும் கேட்பேன். இப்போதெல்லாம் நான் பரிமாறும்போது அவர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.