சபை உதவி கொண்டுபோனவர்கள், வாங்கினவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தாம்வேக்காரன்

2021 ஜூலை, கொரோனா காலம். ரங்கூனில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சாப்பாடு இல்லாத வீட்டில் வெள்ளைத் துணி, மருந்து வேண்டிய வீட்டில் மஞ்சள் துணி. எங்கள் வாலிபர் சங்கம் துணியைப் பார்த்துப் பார்த்து அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை கொண்டுபோனது. மாடிக்காரர்கள் தொங்கவிட்டிருக்கும் கயிற்றில் பையைக் கட்டி மணியை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம், நோய்ப் பயம்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். துணி கட்டவில்லை. மகனுக்கு வேலை போனது தெருவுக்கே தெரியும், ஆனால் கட்டவில்லை. நாங்கள் தாண்டிப் போகும்போது ஜன்னலுக்குள்ளிருந்து, "தம்பி, கருவேப்பிலை கேட்டியே, வந்து பறிச்சுக்கோ" என்றார், எதிர்வீட்டுக்குக் கேட்கும் சத்தத்தில். நான் எங்கே கேட்டேன்? உள்ளே போனதும் பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தொட்டிச் செடியில் ஒரு கொத்து ஒடித்துக் கையில் கொடுத்தார். சரி என்று வந்துவிட்டேன். அப்புறம் வாராவாரம் எனக்குக் கறிவேப்பிலை தேவைப்பட்டது.

உறுத்துவது இது இல்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினவர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் எல்லோரையும் பையோடு நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். பாட்டி பையைப் பார்த்தார், என் போனைப் பார்த்தார். "இன்னைக்குக் கருவேப்பிலை இல்லப்பா" என்றார். செடி அவர் பின்னாலேயே தழைத்து நிற்கிறது.

பழைய திங்கன்ஜுன்வாசி

நான் வாங்கின கட்சி. நர்கிஸ் புயல், 2008 மே. மரங்கள் சாய்ந்து கரண்டும் போய், தண்ணீருக்கு ஊரே வாளியோடு அலைந்தது. பக்கத்துச் சபையில் ஆழ்குழாய்க் கிணறும் ஜெனரேட்டரும் இருந்ததால் தெருவுக்கே கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள், அம்மா அச்சடித்த தாள் காலில் படக்கூடாது என்று முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். அதுவும் போகட்டும். குழாயைப் பிடித்திருந்த பையன் "எந்தச் சபை?" என்றான். எந்தச் சபையும் இல்லை என்றேன். என் வாளி முக்கால்தான் நிறைந்தது. "அடுத்த ஆள்" என்றுவிட்டான். எனக்கு முன்னால் நின்றவருக்குத் தளும்பியது. வேண்டுமென்று செய்தானா, அது தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

இன்செயின் அண்ணன்

தம்பி திங்கன்ஜுன், ஜெனரேட்டரில் மோட்டார் ஓட்டினால் தண்ணீர் ஒரே சீராக வராது. அதற்குப் போய் இத்தனை வருஷம் மனதில் வைத்திருப்பதா? பிரசுரம் கொடுத்தால் என்ன, காசா கேட்டார்கள்?

என் விஷயம் ஆக்ஸிஜன். அதே 2021. சபை வாங்கி வைத்திருந்த சிலிண்டரை வீடு வீடாக மாற்றிக் கொடுத்தோம். மூன்றாம் மாடிக்குத் தூக்கி ஏறினால், அதற்குள் பெரியவர் போய்விட்டார். மகன் அழக்கூட இல்லை. "பின்தெருவில மஞ்சள் துணி தொங்குது அண்ணே, சீக்கிரம்" என்று சிலிண்டரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு இறங்கினான்.

மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால் செய்யப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 40 லிட்டர் சிலிண்டர் முழுசாக நிரப்பினால் சுமார் 6000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 5 லிட்டர் திறந்தால் 20 மணி நேரம், 10 திறந்தால் அதில் பாதி. திறந்த நேரத்தைச் சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே எழுதுங்கள், தீர்ந்த பிறகு போன் பண்ணினால் ஒரு பயனும் இல்லை. ஸ்பானரைக் கயிற்றால் சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள், பாதி வீடுகளில் அதைத் தேடித்தான் நேரம் போனது. கரண்ட் போனதும் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் உண்டு, ஜெபம் பண்ணினாலும் சாமி கும்பிட்டாலும் அந்த அறையில் நெருப்பு வேண்டாம். அரிசி கொடுக்கிறவர்கள் மூட்டையாகக் கொடுக்காதீர்கள். ஒரு மூட்டை 24 பிய் (பர்மாவில் அரிசி அளக்கும் படி), வீட்டுக்கு 4 பிய் என்றால் ஆறு வீடு. கிலோக் கணக்கு சொன்னால் சந்தேகப்படுவார்கள். பால்டின்னால் எட்டு அளந்தால் ஒரு பிய், எல்லோருக்கும் புரியும். உப்பும் தீப்பெட்டியும் கட்டாயம் போடுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

மாண்டலே அக்கா

அண்ணே, இங்கே யாரும் சிலிண்டர் கணக்குக் கேட்கவில்லை. போட்டோவைப் பற்றிக் கேட்டார்கள், அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பூகம்பம், 7.7. நோன்பு மாதம், தொழுகைக்கு ஆட்கள் கூடியிருந்த நேரம், பள்ளிவாசல்கள் விழுந்தன. எங்கள் கோயில் சுவரும் வெடித்ததால் பெண்கள் சங்கத்தோடு மறுநாள் ரோட்டிலேயே அடுப்பு வைத்தோம். கொளுத்துகிற வெயில். எங்கள் வீதி பாய் ஒருவர் விடியலிலிருந்து செங்கல் இழுக்கிறார். சோறு நீட்டினால், "நோன்பும்மா, சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்றார். ஒரு சட்டியில் தனியாக எடுத்து மூடி, யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். சாயங்காலம் வந்து திறந்தால் காலி. யாரைச் சொல்வது, வரிசையில் குழந்தைகள் நின்றார்கள். பாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, "போதும்மா" என்று மறுபடி செங்கல் பக்கம் போனார்.

தாம்வேக்காரன்

அக்கா, அந்தப் போட்டோ விஷயம் அப்புறம் நின்றது. பையை மட்டும் மேஜையில் அடுக்கி எடுத்து அனுப்பினோம். பணம் குறையவில்லை. பாட்டி மட்டும் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை, வேறு பையனைக் கூப்பிட்டார்.

பழைய திங்கன்ஜுன்வாசி

இன்செயின் அண்ணனுக்கு: மோட்டார் சீராக ஓடாது, சரி. எனக்குப் பின்னால் நின்றவருக்கும் தளும்பியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?