பிராண்டும் இன்ஸ்பிரேஷனும்: ‘சந்தைப்பெயர்’, ‘அகத்தூண்டல்’ குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிராண்ட், இன்ஸ்பிரேஷன் ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு எந்தத் தமிழ்க் கலைச்சொற்களைக் கொள்ளலாம் என்பது பற்றியது இம்மடல்.

மொரீசியசில் வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள் பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, கிரியோலில் பேசி, தமிழை ஒரு தனிப் பாடமாகக் கற்கிறார்கள். அதனால் ‘பிராண்ட்’ என்றதும் அவர்கள் மனத்தில் முதலில் எழுவது கிரியோலுக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான ‘மார்க்’ என்ற சொல்தான். அது பிராண்டையும் குறிக்கும், டிரேட்மார்க்கையும் குறிக்கும். ஆங்கிலக் கல்விநூல்களோ இரண்டையும் பிரித்தே பேசுகின்றன: டிரேட்மார்க் என்பது சட்டம் காக்கும் குறி; பிராண்ட் என்பது ஒரு பொருளைப் பற்றி வாங்குவோர் மனத்தில் படிந்து நிலைத்துவிட்ட மொத்த எண்ணம். நாம் தரும் தமிழ்ச்சொல் இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை என்றால், மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

‘முத்திரை’ என்ற சொல்லைச் சென்ற மடலில் நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். ‘முத்திரை பதித்தான்’ என்னும் வழக்கு அதற்குத் துணை நிற்பது உண்மையே. ஆனால் ‘முத்திரை குத்துதல்’ என்றால் ஒருவர்மேல் பழியான பெயரைச் சுமத்துவது என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரிலும் மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் இருக்கிறது என்றாலும், இன்றைய வணிகவியல் அந்தப் பொருளில் அதை ஆளவில்லை. மேலும், 2013-இல் இங்கே தொடங்கிய ‘மேட் இன் மோரிஸ்’ போன்று, பல நிறுவனங்களின் உள்நாட்டுப் பொருள்களுக்குப் பொதுவாக வழங்கப்படும் அடையாளத்துக்கு ‘முத்திரை’ மிகவும் பொருத்தமான சொல். அதை அதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம்.

பிராண்டுக்குச் ‘சந்தைப்பெயர்’ என்பதை முன்வைக்கிறேன். ‘பேர்போன’, ‘பேரெடுத்தான்’, ‘பேர் கெட்டது’ என்று நாம் பேசும்போது ‘பேர்’ என்பது அழைக்கும் பெயரை மட்டும் சுட்டுவதில்லை. ஊரார் கொண்டிருக்கும் மதிப்பையும் சேர்த்தே சுட்டுகிறது. பிராண்ட் என்பதும் அதுவேதான், சந்தையில் எடுத்த பெயர். ‘வணிகப்பெயர்’ ஏற்கெனவே உள்ளதே என்று கேட்கலாம். அது கடையைப் பதிவு செய்யும்போது எழுதித்தரும் பெயரோடு குழம்பிவிடும். ‘நற்பெயர்’ கணக்கியலில் குட்வில்லுக்கு, அதாவது ஒரு நிறுவனம் ஈட்டிய நன்மதிப்பைச் சொத்தாகக் கணக்கிடுவதற்கு, வழங்கிவருகிறது. 1892-இல் தோட்டம் தொடங்கிய நம் நாட்டுப் புவா ஷெரி தேயிலையை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். பெட்டிமேல் உள்ள படம் இலச்சினை. சட்டப்படி பதிந்த குறி வணிகக்குறி. வனிலாத் தேநீர் என்றதும் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிவரச் சொல்கிறார்களே, அப்படிச் சொல்லவைப்பது சந்தைப்பெயர். பிராண்டிங் என்பதைச் ‘சந்தைப்பெயராக்கம்’ என்றும், பிராண்ட் லாயல்டியைச் ‘சந்தைப்பெயர்ப் பற்று’ என்றும், பிராண்ட் ஈக்விட்டியைச் ‘சந்தைப்பெயர் மதிப்பு’ என்றும் தடையின்றி விரிக்க முடிகிறது. கிளைச்சொற்களுக்கு இடம் தராத கலைச்சொல் பாடநூலில் நிலைக்காது என்பதால் இதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இன்ஸ்பிரேஷனைப் பொறுத்தவரை, அதை மோட்டிவேஷனிலிருந்து பிரிப்பதே முதல் வேலை. மொழியியலார் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட, ஆங்கிலக் கல்விநூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்கள் அடங்கிய கல்விச்சொற் பட்டியலில் மோட்டிவ் இருக்கிறது. இன்ஸ்பயர் இல்லை, பிராண்டும் இல்லை. பட்டியலை முழுதும் கற்ற மாணவருக்கும் இவ்விரண்டும் புதியனவாகவே வரும். உயிரியல் வகுப்பிலோ இன்ஸ்பிரேஷன் என்றால் உட்சுவாசம். உளவியலில் த்ராஷ், எலியட் இருவரும் 2003-இல் இதை வரையறுத்தபோது, இது நாமாக முயன்று வரவழைப்பதன்று, வெளியிலுள்ள ஒன்றால் நமக்குள் எழுப்பப்படுவது என்றும், எழுந்தபின் செயலை நோக்கி நம்மைச் செலுத்துவது என்றும் விளக்கினார்கள். சந்தையியலாரும் 2017-இல் வாடிக்கையாளரின் இன்ஸ்பிரேஷனை இதே இரு படிகளாகப் பகுத்தார்கள். ஆகவே மோட்டிவேஷனுக்கு ‘ஊக்கம்’ என்பதை வைத்துக்கொண்டு, இன்ஸ்பிரேஷனுக்கு ‘அகத்தூண்டல்’ என்ற வழக்கிலுள்ள சொல்லையே கொள்வோம். வெளியிலிருந்து வருவதும் உள்ளே நிகழ்வதும் அதில் ஒருங்கே அமைந்திருக்கின்றன. முதற்படியைத் ‘தூண்டல் பெறுதல்’ என்றும், இரண்டாவதைச் ‘செயல்நாட்டம்’ என்றும் வழங்கலாம். ‘உத்வேகம்’ விரைவையும் முனைப்பையும் மட்டுமே காட்டுவதால் அதை நான் ஏற்கவில்லை. ‘உள்ளெழுச்சி’ செவிக்கு இனிதுதான். ஆனால் கல்வி உளவியல் நூல்கள் ‘மனவெழுச்சி’யை எமோஷனுக்கு ஆண்டுவருவதால் இரண்டும் கலந்துவிடும்.

ரீபிராண்டிங் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அகப்படவில்லை. ‘மறுபெயராக்கம்’ என்றால் பெயரை மாற்றுவது என்றே படிப்பவர் எண்ணுவர்; ஆனால் பெயரை மாற்றாமலே இலச்சினையையும் தோற்றத்தையும் புதுப்பிப்பதும் ரீபிராண்டிங்தான். ‘சந்தைப்பெயர்ப் புதுக்கம்’ என்பது என் மனத்தில் உள்ளது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பயில்வோரும், வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதைத் தங்கள் வாக்கியங்களில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுமாறு வேண்டுகிறேன்.