ஆளுக்கொரு வெர்ஷன்: உங்கள் ப்ராஜெக்டில் என்ன நடந்தது?

எங்கள் டீமில் 2020 கடைசியில் நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பட்டனின் நிறத்தை மாற்றி புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) போட்டான். டிஃப்பை, அதாவது மாறிய வரிகளின் பட்டியலைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் பேக்கேஜ்-லாக் ஃபைலில் (எந்த லைப்ரரியில் எந்த வெர்ஷன் என்று பதிந்து வைப்பது). அவனிடம் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) 15, கூடவே வந்த என்பிஎம் (லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்வது) 7. நாங்கள் நோட் 14, என்பிஎம் 6. என்பிஎம் 7 அந்த ஃபைலின் அமைப்பையே மாற்றி எழுதும். மேலே லாக்ஃபைல்வெர்ஷன் 1 என்று இருப்பது 2 ஆகிவிடும். என்பிஎம் 6-இல் இருப்பவர் அடுத்து ஒரு பேக்கேஜ் சேர்த்தால் மறுபடி 1. நடுவில் யார் எந்த லைப்ரரியை மாற்றினார் என்று ரிவ்யூவில் கண்டுபிடிக்கவே முடியாது.

ரீட்மீயில் "நோட் 14" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது, டூலே தடுக்க வேண்டும். ரெப்போவில் .என்விஎம்ஆர்சி (எந்த நோட் வெர்ஷன் வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) வைத்தோம். பேக்கேஜ் ஃபைலில் என்ஜின்ஸ் என்ற இடத்தில் தேவையான வெர்ஷனைப் போட்டு, அதைக் கட்டாயமாக்கும் என்ஜின்-ஸ்ட்ரிக்டையும் ஆன் செய்தோம். வெர்ஷன் பொருந்தாவிட்டால் இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும்.

---

உங்களுக்காவது ரிவ்யூவோடு போயிற்று அண்ணா. எங்களுக்கு டெராஃபார்மில் (சர்வர் போன்றவற்றைக் கோடிலேயே எழுதி உருவாக்கும் டூல்) அடி. எல்லோரும் 0.12-இல் இருந்தோம். ஒருவர் மேக்கில் ப்ரூ அப்கிரேட் (எல்லா டூல்களையும் புதுப்பிக்கும் கமாண்ட்) கொடுக்க, கூடவே 0.13 வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றங்களைச் செயல்படுத்தும் அப்ளை கொடுத்தார், சுத்தமாக முடிந்தது. அப்புறம் எங்கள் யாராலும் ப்ளான்கூட (என்ன மாறும் என்ற முன்னோட்டம்) எடுக்க முடியவில்லை, கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐயிலும் சிவப்பு. எதெல்லாம் உருவாக்கப்பட்டிருக்கிறது என்று டெராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலில் எழுதியவரின் வெர்ஷன் பதிந்துவிடும். அதைவிடப் பழையது படிக்க மறுத்துவிடும். 0.14-இலிருந்து இந்தக் கெடுபிடி தளர்ந்தது, ஆனால் அன்றைக்கு மொத்த டீமும் 0.13-க்கு ஏறுவதைத் தவிர வழியில்லை, அதுவும் ரிலீஸ் வாரத்தில். இப்போது எந்த வெர்ஷன் வேண்டும் என்று சொல்லும் ரிக்வயர்ட்_வெர்ஷன் வரி இல்லாத மாட்யூலை நான் மெர்ஜ் செய்ய விடுவதில்லை.

---

இரண்டு பேரும் சொல்வது ஒரே நோய்தான். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு வெர்ஷன் மேனேஜர் என்று வைத்தால் அதுவே தனித் தலைவலி. எல்லா டூல்களின் வெர்ஷனையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ள நாங்கள் முதலில் வைத்திருந்தது ஏஎஸ்டிஎஃப், இப்போது மீஸ். (முன்பு ஆர்டிஎக்ஸ் என்று இருந்தது, 2024 தொடக்கத்தில் பெயர் மாறியது.) ஏஎஸ்டிஎஃப்பின் பழைய டூல்-வெர்ஷன்ஸ் ஃபைலையே அதுவும் படிக்கும் என்பதால் மாறுவது சுலபம். எனக்கு இதில் பிடித்தது க்யூப்சிடிஎல் (குபர்நெட்டிஸ் க்ளஸ்டரை இயக்கும் கமாண்ட்) விஷயம். க்ளஸ்டரின் ஏபிஐ சர்வரிலிருந்து ஒரு மைனர் வெர்ஷன் மேலேயோ கீழேயோ இருக்கலாம், அவ்வளவுதான். எங்களிடம் பழைய க்ளஸ்டர் ஒன்று, புதியது ஒன்று. டைரக்டரி மாறியதும் வெர்ஷனும் தானாக மாறிவிடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சிஐ ரெப்போவில் இருக்கும் வெர்ஷன் ஃபைலைத்தான் படிக்கிறதா, இல்லை சிஐயின் யாமல் செட்டிங்ஸ் ஃபைலில் தனியாக ஒரு நம்பர் இருக்கிறதா? கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற சிஐயில், நோட் இன்ஸ்டால் செய்யும் செட்டப்-நோடுக்கு நோட்-வெர்ஷன்-ஃபைல் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதில் .என்விஎம்ஆர்சியைக் காட்டிவிடுங்கள்.