டிஸ்சார்ஜ் ஆணைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இன்சால்வென்சிக்கு, அதாவது கடனைக் கட்ட முடியாமல் போகும் நிலைக்கு, 'நொடிப்பு' போதும், 'திவால்' வேண்டாம் என்று இந்த இழை கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது. எனக்கும் சம்மதம். 'நொடிச்சுப்போன குடும்பம்' என்று எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் சொல்கிறோம். அதில் ஏச்சு இல்லை, பட்டவர் மேல் இரக்கம்தான் இருக்கிறது. ஆனால் நாம் இன்னும் தொடாத ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அவசரம் அதுதான்: டிஸ்சார்ஜ், அதாவது நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டவரைக் கோர்ட் அந்த நிலையிலிருந்து விடுவிப்பது.

நான் வக்கீல் குமாஸ்தா. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் மலையாளம் பேச வரும், படிக்க வராத தமிழர்கள் நிறையப் பேர். தென்னந்தோப்பு, கறவை மாடு, சின்ன மளிகைக் கடை என்று பிழைப்பவர்கள். பிளேடுகாரரிடம் (கந்துவட்டிக்காரரிடம்) வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, கடைசியில் 'பாப்பர் ஹர்ஜி (மனு) கொடுத்தா தப்பிச்சுக்கலாமா?' என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்காக ஒரு கேள்வி-பதில் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'பாப்பர்' என்ற சொல்லே முதல் சிக்கல். மலையாளத்தில் நொடித்தவரும் பாப்பர்தான், கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் வழக்குப் போடுகிறவரும் பாப்பர்தான். இந்த இரண்டாம் வகைக்காரருக்கு உரியது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் ஆணை. 1976 திருத்தத்தில் சட்டமே அந்தப் பழைய சொல்லை விட்டுவிட்டு 'வறியவர்' என்ற பொருளில் வேறு சொல்லைப் போட்டது. பேச்சில் மட்டும் இன்னும் போகவில்லை. ஒருவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் நொடிப்பு மனு கொடுப்பதையே 'ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன்) கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள். திவால், நொடிப்பு, பாப்பர், ஐ.பி., மஞ்சக் கடுதாசி எல்லாமே விழுவதைச் சொல்லும் சொற்கள். எழுந்து வெளியே வருவதற்கு மக்கள் வாயில் ஒரு சொல்கூட இல்லை. அதனால் நஷ்டம் வருகிறது, நிஜமான நஷ்டம்.

பால் வியாபாரத்தில் நொடித்த ஒருவர் மனு கொடுத்தார். நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்தது. 'ஆர்டர் வந்தாச்சு, இனி யாரும் கேட்க முடியாது' என்று வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆர்டரிலேயே, இத்தனை காலத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. காலம் கடந்தது, அறிவிப்பு ரத்தானது, பழைய டிக்ரியைத் தூசி தட்டிக்கொண்டு கடன்காரர் ஜப்திக்கு வந்து நின்றார். 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அறிவிப்பு ரத்து. கேரளத்துக்கு 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு, அதுவும் பெரும்பாலும் இந்த வார்ப்பில் வந்ததுதான். தமிழ்நாட்டில் சென்னை நகரத்துக்கு மட்டும் 1909ஆம் ஆண்டுச் சட்டம்.

'2016 திவால் சட்டம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?' என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தனி ஆட்களுக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாத ஏழைக் கடனாளிக்கு அதில் எழுதிவைத்திருக்கும் சலுகை வழி இன்னும் திறக்கப்படவில்லை. மாடு வைத்திருப்பவருக்கு இன்றும் பழைய சட்டம்தான்.

என் முன்மொழிவு: 'கடன் விடுவிப்பு'. டிஸ்சார்ஜ் ஆர்டருக்கு 'கடன் விடுவிப்பு ஆணை'. 'தள்ளுபடி' வேண்டவே வேண்டாம், அது அரசாங்கம் அறிவிப்பது என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. 'மீட்பு' என்றால் வங்கிகள் போகும் தீர்ப்பாயத்தின் பெயரோடு மோதும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

> என் முன்மொழிவு: 'கடன் விடுவிப்பு'.

அண்ணா, 'விடுவிப்பு' நல்ல தேர்வு. குற்ற வழக்கிலும் 'விடுவிப்பு மனு' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், வக்கீல்களுக்குப் பழகிய சொல். ஆனால் முன்னால் 'கடன்' வேண்டுமா? 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவைப் பாருங்கள். அரசுக்குக் கட்ட வேண்டியது போகாது, மோசடி செய்து பட்ட கடன் போகாது, மனைவி மக்களுக்குக் கோர்ட் விதித்த ஜீவனாம்சம் போகாது. 'கடன் விடுவிப்பு' என்று அச்சடித்துக் கொடுத்தால், எல்லாம் போய்விட்டது என்று ஜனங்கள் நம்பிவிடுவார்கள். தோப்பை அடமானம் வைத்திருந்தால் அடமானம் பிடித்தவருக்கு அதன் மேல் உள்ள உரிமையும் அப்படியே நிற்கும்.

பொள்ளாச்சியிலிருந்து, தங்கை

---

அன்புத் தங்கைக்கு,

நீ சொல்வது சரி. விடுபடுவது கடன் இல்லை, ஆள். நொடித்தவர் என்ற நிலையிலிருந்து ஆள் வெளியே வருகிறார். அப்படியானால் 'நொடிப்பு விடுவிப்பு' என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு வசதியும் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட முடியாதவர்களை அரசியலமைப்பின் 102, 191ஆம் உறுப்புகள் சொல்கின்றன இல்லையா, அங்கே வருகிறவரை 'விடுவிப்புப் பெறாத நொடித்தவர்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். கடனை முழுக்கக் கட்டிவிட்டாலும் அறிவிப்பு ரத்தாகும், அதற்கு 'நொடிப்பு ரத்து' என்று தனியாக வைத்தால் இரண்டும் குழம்பாது.

விடுவிப்பு தானாகக் கிடைப்பதில்லை என்பதையும் நோட்டீஸில் தடித்த எழுத்தில் போடப் போகிறேன். சொத்தை விற்றால் ரூபாய்க்கு ஐம்பது காசாவது தேறுமா, தேறாவிட்டால் அதற்குக் கடனாளிதான் பொறுப்பா, வியாபாரக் கணக்கு வைத்திருந்தாரா, சூதாட்டத்தில் விட்டாரா என்றெல்லாம் கோர்ட் பார்க்கும். நிபந்தனையோடு தரலாம், தள்ளிவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மனு கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் மைத்துனர் பேருக்குச் சும்மா எழுதிவைத்த நிலத்தையும் திருப்பிப் பிடிக்க முடியும். இதைச் சொன்னால் சிலர் முகம் மாறுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்ப மாட்டார் என்பதை நீ விட்டுவிட்டாய். எங்கள் ஊரில் அதிகம் அடிபடுவது அவர்தான். கடன் வாங்கியவருக்கு விடுவிப்புக் கிடைத்த பிறகும் ஜாமீன்காரரைக் கடன்காரர் கேட்கலாம்.

பெண்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: 'தாலியையும் எடுத்துக்குவாங்களா?' எடுக்க மாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் ஜப்தி செய்யக் கூடாதவை ரிசீவர் (நொடித்தவர் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் வைக்கும் ஆள்) கைக்கும் போகாது. சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரரின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை எல்லாம் அதில் அடங்கும். விவசாயி குடியிருக்கும் வீடும் உண்டு. இதற்கு 'ஜப்திக்கு உட்படாதவை' என்றே எழுதிவிட்டேன், புதுச்சொல் தேவைப்படவில்லை.

வேலூர், திருத்தணிப் பக்கத்து நண்பர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். ஆந்திர எல்லையில் தெலுங்கிலும் 'ஐ.பி. பெட்டாடு' என்றுதான் பேச்சு. டிஸ்சார்ஜுக்கு அங்கே ஏதாவது பேச்சுவழக்கு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் 'நொடிப்பு விடுவிப்பு' என்று போட்டு நோட்டீஸை அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.