பழைய ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் மட்டும் மெலிந்து ஒலிக்கிறது: பழுதை எப்படிக் கண்டறிவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1970களின் நடுவில் தயாரான ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிடார் ஒன்று இருக்கிறது. இரண்டு வால்யூம், ஒரு டோன் என்ற பழைய அமைப்பு. பார்த்தவரை உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை. சில மாதங்களாகப் பிரிட்ஜ் (தந்திகள் ஊன்றியிருக்கும் தாங்கி) பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) தனியாக ஒலிக்கவிட்டால் கனமே இல்லாமல், தகரத்தைத் தட்டுவதுபோல் மெலிந்த ஒலிதான் வருகிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப் நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கிவிடும். இப்போது அடங்குவதில்லை, தந்திகளைத் தொட்டால் மட்டும் குறைகிறது. வால்யூம் குமிழ்களைத் திருகும்போது கரகரப்பும் உண்டு. பழுது பார்ப்பவர் ஒருவர், பிக்கப், பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறுமின்தடை), ஜாக் (கேபிள் செருகும் துளை) எல்லாவற்றையும் கழற்றிப் புதியவை போட்டுவிடலாம் என்கிறார். இந்தக் கருவியின் குரலே அந்தப் பிக்கப்புகளில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு மனம் வரவில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் கைவசம் உள்ளன. எதையும் அறுப்பதற்கு முன் பழுது எங்கே என்று அறிய வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு, அதுவும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல். கிடார் கேபிளின் ஒரு முனையைக் கருவியில் செருகுங்கள். மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வைத்து, தந்திகள் அசையாமல் கையால் அமுக்கிக்கொண்டு, மின்தடையை அளந்து பாருங்கள்.

ஜாஸ் பேஸில் ஒவ்வொரு பிக்கப்பின் வயரும் தன் வால்யூம் பாட்டின் நடுக்காலில் சேர்கிறது; ஓரக்கால்களில் ஒன்று ஜாக்குக்கும் மற்றொன்று எர்த்துக்கும் போகின்றன. ஒரு வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் மற்றது தடையின்றி ஒலிப்பது இந்த அமைப்பினால்தான். பாட் ஒவ்வொன்றும் 250 கிலோ ஓம். பிக்கப் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 முதல் 8 கிலோ ஓம். ஆகவே கழுத்துப் பிக்கப்பை மட்டும் முழுதாகத் திறந்தால் மீட்டர் 7 கிலோ ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டையும் திறந்தால் இணைச்சுற்றாகி ஏறக்குறைய பாதியாக, மூன்றரையை ஒட்டி இறங்க வேண்டும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தபோது 125 கிலோ ஓமை ஒட்டிய எண் வந்தால், நீங்கள் அளப்பது பிக்கப்பை அல்ல, இணையாக நிற்கும் இரண்டு பாட்களை மட்டுமே. அதாவது பிக்கப்பின் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. (பாட்களின் மதிப்பு 20 விழுக்காடு வரை கூடக்குறைய இருக்கலாம்.)

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் சுருள் அறுந்திருப்பதாகவே தோன்றுகிறது. அறுந்த சுருள் முற்றிலும் ஊமையாகிவிடுவதில்லை. நெருக்கமாகச் சுற்றிய கம்பிகளுக்கிடையே மின்தேக்கத்தின் வழியாக உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் தாவி வருவதால் கீழ்ச்சுரங்கள் காணாமல்போகின்றன. இரைச்சல் அடங்காததும் இதையே சொல்கிறது. இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிர்த் திசைச் சுற்றும் எதிரெதிர்க் காந்த முனையும் கொண்டவை என்பதால், இரண்டும் முழு வலுவில் இருந்தால்தான் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது நல்ல அறிகுறி: பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் சரியாக இருக்கிறது.

மறுமொழி 2

கரகரப்பைத் தனிப் பழுதாகவே கருதுங்கள். முதலில் வேறு கேபிளையும் வேறு ஆம்ப்பையும் (ஒலிபெருக்கி) வைத்துப் பாருங்கள், ஏனெனில் ஆம்ப்பின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் கசிந்து சிறிது நேர்மின்னோட்டம் பாட்டுக்கு வந்தாலும் இதே கரகரப்பு எழும். கருவியில்தான் என்று உறுதியானால், பாட்டின் கால்களுக்கு அருகில் உள்ள இடைவெளியில் மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் சுத்திகரிப்பானைத் தெளித்து, குமிழைப் பலமுறை முழுச்சுற்றாகத் திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம். அதன் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் பாட்களை மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. வாசிப்பதற்குத்தானே கருவி? ஆனால் பழையவற்றை எறிந்துவிடாதீர்கள். பாட்டின் உடலில் 137 என்று தொடங்கும் எண் இருந்தால் அது சிடிஎஸ் நிறுவனத் தயாரிப்பு. அதை அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 1377532 என்றால் 1975ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். கருவியின் வயதுக்கு அது ஒரு சான்று.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சுத்திகரிப்பானுக்குப் பிறகு கரகரப்பு நின்றுவிட்டது. கழுத்துப் பிக்கப் 7 கிலோ ஓமுக்குச் சற்று மேல். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் 120ஐ ஒட்டி வருகிறது. இரண்டையும் திறந்தாலும் 7ஐ விட்டு இறங்கவில்லை. ஆனால் பிரிட்ஜ் பிக்கப்பின் வால்யூம் பாட்டே தேய்ந்துபோயிருந்தாலும் இப்படிக் காட்டாதா? சுருள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மறுமொழி 3

சரியான கேள்வி. பாட்கள் அமர்ந்திருக்கும் உலோகத் தகட்டைத் தூக்கி, பிரிட்ஜ் வால்யூமை முழுதாகத் திறந்தும் கழுத்து வால்யூமை முழுதாகக் குறைத்தும் வைத்து, அந்தப் பாட்டின் நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். பாட்டினுள் தொடர்பு அறுந்திருந்தால் நடுக்காலில் பிக்கப்பின் 7 அல்லது 8 கிலோ ஓம் தெளிவாகத் தெரியும். அங்கும் அதே 120 வந்தால், பழுது பிக்கப்பிலோ அதன் இரண்டு வயர்களிலோ இருக்கிறது. இதற்கும் சால்டர் தேவையில்லை.

பிறகு பிக்கப்பைத் தூக்கி மூடியை மெதுவாகக் கழற்றுங்கள். எட்டுக் காந்தங்களின் மீது நேரடியாகச் சுற்றியிருக்கும் 42 கேஜ் செம்புக் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர்தான், வியர்வையும் கடற்கரை ஈரமும் அதை அரித்துவிடும். அடித்தகட்டில் வயர்கள் சேரும் இரண்டு துளைவளையங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பச்சை படிந்து கம்பி அங்கேயே அறுந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. வெளிமுனை என்றால் ஒரு சுற்றை அவிழ்த்து, எனாமலை (கம்பியின் காப்புப் பூச்சு) மிக நுண்ணிய உப்புத்தாளால் நீக்கிவிட்டுச் சால்டர் செய்யலாம்; இந்தப் பழைய எனாமல் சால்டரின் சூட்டில் தானாகக் கரையாது. உள்முனை சுருளுக்குள்ளேயே அறுந்திருந்தால் தோண்ட முயலாதீர்கள். முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றத்தான் வேண்டும். அப்போதும் காந்தங்களும் தகடுகளும் பழையவையே தொடர முடியும்.

மறுசுற்றுக்கு அனுப்பினால் காந்தத்தின் முனைத் திசையையும் சுற்றும் திசையையும் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிக்கையில் ஒலி குழிந்து மெலிந்தால், சுற்றுத் திசை மாறிவிட்டது என்று பொருள். அந்தப் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் செய்தால் அது சரியாகிவிடும்.