கழி வைத்துக் குனியப் பழகினோம்: வேலையிடப் பயிற்சி அனுபவங்கள்

கிடங்கு மேற்பார்வையாளர்:
பதினொரு வருடமாகக் கிடங்கு வேலை. "முழங்காலை மடக்கித் தூக்கவும்" என்ற சுவரொட்டி நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. வருடம் ஒருமுறை வகுப்பும் உண்டு. படம் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். முதுகுவலி விடுப்பு மட்டும் குறையவே இல்லை.

போன வருடம் வந்த பிசியோதெரபிஸ்ட் எங்களை உட்கார வைத்துப் பேசவில்லை. சரக்கு இறக்கும் இடத்தில் அரை நாள் நின்று பார்த்தார். அப்புறம் ஆளுக்கொரு நீளக் கழி கொடுத்தார். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கழி ஒட்டியிருக்க வேண்டும், அது விலகாமல் குனிய வேண்டும். முதல் நாள் பாதிப் பேரால் முடியவில்லை. இத்தனை வருடமும் நடுமுதுகில்தான் மடிந்திருக்கிறோம்! பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் மடிய வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கழி முதுகை விட்டு விலகியபோதுதான் அது உடம்புக்குப் புரிந்தது.

அடுத்து, 5 கிலோ பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார், பிறகு கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் முதுகு இழுத்தது. எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிட, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-ல் திருத்திய சூத்திரத்தை அப்போது விளக்கினார். எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான் வரம்பு. அதுவும் சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால். 50 செ.மீ. தள்ளிப் போனால் வரம்பு பாதியாகிவிடும். பெட்டியின் எடையை மட்டுமே பார்த்துவந்த எனக்கு இது பெரிய விஷயம்.

திரும்பும்போது மூக்கும் கால் பெருவிரலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்றார். இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்த இந்த ஒரு வரியே போதும், இப்போது எல்லோருக்கும் மனப்பாடம்.

செவிலியர்:
எங்கள் நிலைமை வேறு. நோயாளி பெட்டி இல்லையே, பாதி வழியில் பயந்து கழுத்தைப் பிடித்துக்கொள்வார். எவ்வளவு நன்றாகக் குனிந்தாலும் ஓர் ஆளைத் தனியாகத் தூக்குவது ஆபத்துதான். எங்கள் பயிற்சியின் முதல் பாடமே தூக்காமல் இருப்பது. நோயாளிக்கு அடியில் வழுக்கு விரிப்பு என்ற வழுவழுப்பான துணியைப் போட்டு, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து, உடல் எடையை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றினால் நோயாளி நகர்ந்து வருவார். கைக்கு வேலையே குறைவு. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சில நொடிதான் ஆகும். அந்தச் சில நொடியை மிச்சம் பிடித்துத்தான் நான் இரண்டு முறை முதுகுவலியில் படுத்தேன்.

கிடங்கு மேற்பார்வையாளர்:
உண்மைதான். எங்களுக்கும் பயிற்சி மட்டும் போதவில்லை. கனமான சரக்கைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர அடுக்குக்கு மாற்றினோம், அங்கே குனிய வேண்டிய தேவையே போனது. மணிக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கு முதலில் சரிந்தது. பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரம் பொறுங்கள் என்று நான் மன்றாடினேன். மூன்றாவது வாரம் பழைய கணக்குக்கு வந்துவிட்டோம். கழிகள் இன்னும் வாசலருகே சாத்தியிருக்கின்றன, புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வேலை அதோடுதான் தொடங்குகிறது.