ஜிபிஎஸ் கருவி காட்டும் நேரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வண்டிக்காரன் (நாமக்கல்):

எங்கள் குடும்பத்துக்கு லாரித் தொழில். எல்லா வண்டியிலும் டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் வழியாக அறிந்து அனுப்பும் கருவி) பொருத்தியிருக்கிறோம். போன மாதம் ஹால்டிங் காசு, அதாவது வண்டி காத்து நின்ற நேரத்துக்கான காசு, கேட்டு ஒரு கிடங்கோடு பெரிய தகராறு. வண்டி 11ஆம் தேதி இரவு 9.40க்கே உள்ளே போய்விட்டது என்கிறது டிராக்கர் ரிப்போர்ட். அவர்களுடைய கேட் புத்தகத்தில் 12ஆம் தேதி விடியற்காலை 3.10. டிரைவரைக் கேட்டால் அவரும் மூன்று மணி என்கிறார். நம்ம ஆளே நமக்கு எதிராகப் பேசுகிறானே என்று சித்தப்பாவுக்கு ஒரே கோபம்.

அப்புறம் டோல்கேட்டில் பணம் எடுத்த மெசேஜ்களை எல்லாம் வரிசையாக வைத்து ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டோம். எல்லா இடத்திலும் அதே ஐந்தரை மணி நேரம் குறைவு. டிராக்கர் விற்றவரிடம் கேட்டால், "உங்க அக்கவுண்ட் யூடிசியில இருக்கு சார், அவ்வளவுதான்" என்கிறார். யூடிசி என்றால் உலகப் பொது நேரமாம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அவ்வளவுதானாம்! வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்த கருவிக்கு அந்த ஊரில் மணி என்ன என்று தெரியாதா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

டேஷ்கேம்_கோவை:

எனக்கு இதைவிட வேடிக்கை. மலிவாகக் கிடைத்த டேஷ்கேம், காரின் முன்னால் மாட்டி சாலையைப் படம்பிடிக்கும் கேமரா. மெனுவில் நேர மண்டலம் முழு மணிக் கணக்கில்தான் இருக்கிறது: கூட்டல் 5, அடுத்தது கூட்டல் 6. ஐந்தரை என்ற ஒன்றே கிடையாது. சரி, கையால் நேரத்தைத் திருத்தி வைத்தால், வண்டியை எடுத்ததும் சரியாகத்தான் காட்டும். செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்த அடுத்த நொடி அரை மணி பின்னால் தாவிவிடும். ஒரு பைக் வந்து இடித்ததற்கு வீடியோவைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் காட்டினால், "நேரம் ஒத்து வரலையே" என்றார்கள். அந்த வீடியோவிலேயே ஒரு கடையின் சுவர்க் கடிகாரம் தெரிந்ததால் பிழைத்தேன். இப்போது ஜிபிஎஸ் வழியாக நேரம் எடுப்பதை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை கையால் திருத்துகிறேன். இத்தனை கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கு விற்கிறவர்களுக்கு ஒரு அரை மணி சேர்க்க முடியவில்லை.

சால்டரிங்_சாமி:

வண்டிக்காரன் அண்ணே, உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியாது. செயற்கைக்கோள் அனுப்புவதில் நேர மண்டலம் என்ற சங்கதியே இல்லை. சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கும் கோடை நேரமும் இல்லை. 1980 ஜனவரி 6இல் தொடங்கி இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது நொடி, இவ்வளவுதான் அது சொல்லும். மற்றதெல்லாம் கீழே இருக்கும் பெட்டியின் வேலை. நல்ல கருவி என்றால் உள்ளே ஒரு வரைபடம் இருக்கும். நிற்கும் இடம் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளும். டிராக்கர் அந்த வம்புக்கே போகாது. யூடிசியை அப்படியே அனுப்பிவிட்டு, கூட்டுவதைச் சர்வரிடம் விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் அவ்வப்போது ஒரு நொடி கூட்டுவார்கள், அதுதான் லீப் நொடி. ஜிபிஎஸ் நேரம் அந்த நொடிகளைச் சேர்ப்பதில்லை. அதனால் 2017 தொடக்கத்திலிருந்து அது யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்ற தகவலும் செயற்கைக்கோளிலிருந்தே வருகிறது, ஆனால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான். அதுவரை பெட்டி தன்னிடம் இருக்கும் பழைய எண்ணையே நம்பும். என்னிடம் இருக்கும் ஒரு ரிசீவர் 16 நொடி இருந்த காலத்தில் செய்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் முதல் சில நிமிடம் இரண்டு நொடி முந்திக் காட்டும், அப்புறம் தானே அடங்கிவிடும். ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர் இரண்டு கடை ஏறி இறங்கி என்னிடம் வந்திருந்தார். ரிப்பேர் எதுவும் இல்லை.

கடலோடி (நாகப்பட்டினம்):

தம்பி சொன்ன வாரக் கணக்கால் எங்கள் போட் கருவி வருஷத்தையே தொலைத்துவிட்டது. 2019 ஏப்ரலில் ஒருநாள் கடலுக்குப் போய்ப் பார்த்தால் தேதி 1999 ஆகஸ்ட் என்று நிற்கிறது. வழி பிசகவில்லை, கரைக்குச் சரியாகத்தான் கொண்டுவந்து விட்டது. ஆனால் மீன் கிடைக்கும் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) போட்டு வைத்திருக்கும் பாயிண்டுகளை, அதாவது கருவியில் குறித்து வைத்த இடங்களை, தேதிவாரியாக, புதியது மேலே வரும்படி வைத்திருந்தோம். அன்றைக்குப் போட்ட பாயிண்ட் எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இருட்டில் தேடித் தேடிக் கண் போனது.

சால்டரிங்_சாமி:

அண்ணே, வார எண்ணுக்கு ஜிபிஎஸ்காரர்கள் ஒதுக்கியது பத்து பிட், அதாவது 0, 1 மட்டுமே வரும் பத்து இலக்கம். 1023 வரைதான் எண்ணும், அப்புறம் பூஜ்யம். முதல்முறை சுற்றியது 1999 ஆகஸ்டில், இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். இது எத்தனையாவது சுற்று என்று கருவிதான் ஊகிக்க வேண்டும். உங்களுடையது இன்னும் முந்தைய சுற்றிலேயே இருக்கிறது. புது சாஃப்ட்வேர் கிடைத்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பாயிண்ட் பெயரிலேயே தேதியை எழுதிவிடுங்கள். அடுத்த சுற்று 2038 நவம்பரில்.

வன்னியூரான்:

எங்கட கதையில் கருவி மேல் பிழை இல்லை, அரசாங்கம்தான் நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. மின்சாரத் தட்டுப்பாடு என்று 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு இருந்தது ஆறரை ஆனது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் பழைய ஐந்தரைதான் தொடர்ந்தது. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். வவுனியாவில் ஒரு நேரம், ஓமந்தை தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் போனால் இன்னொரு நேரம். கையில் இருந்த ஜிபிஎஸ்ஸில் கொழும்பு என்று தெரிவு செய்தால் ஆறு வரும், கல்கத்தா என்றால் ஐந்தரை. ஒருத்தர் கொழும்பில் வைப்பார், மற்றவர் கல்கத்தாவில் வைப்பார். பின்னேரம் பதிவேடு எழுதும்போது தினமும் சண்டை. கடைசியில் மேற்பார்வையாளர் எல்லாக் கருவியையும் யூடிசியில் வைக்கச் சொன்னார், பிரச்சினை தீர்ந்தது.

2006 சித்திரைப் புத்தாண்டோடு நாடு முழுக்க ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு முன் வாங்கின கருவி அதை எப்படி அறியும்? கொழும்பு என்றால் இன்னும் ஆறுதான் காட்டும். அதனால் பிறகும் கனகாலம் கல்கத்தா நேரத்திலேதான் வாழ்ந்தோம்.

அபுதாபி_பாய்:

ரமலானில் சவூதிக்குக் காரில் போனோம். அமீரகம் யூடிசியைவிட 4 மணி முன்னால், சவூதி 3. எல்லையில் அமீரகப் பக்கம் குவைஃபாத் தாண்டி, சவூதிப் பக்கம் பத்ஹாவில் நுழைந்ததும் காரின் நேவிகேஷனில் போய்ச் சேரும் நேரம் ஒரு மணி குறைந்துவிட்டது. பின்சீட்டில் மச்சானுக்கு ஒரே சந்தோஷம், நோன்பு திறக்க ஊருக்கே போய்விடலாம் என்று. சூரியன் கடிகாரத்தைப் பார்த்தா மறைகிறது? வழியில் ஒரு பெட்ரோல் பங்கில்தான் திறந்தோம். எல்லையைத் தாண்டும் பயணத்தில் சேரும் நேரத்தைப் பார்க்காதீர்கள், மீதி எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் பாருங்கள். சில கருவி சேருமிடத்து நேரத்தைக் காட்டுகிறது, சிலது இருக்குமிடத்து நேரத்தை. எது என்று திரையில் எழுதியிருப்பதே இல்லை.

மலையேறி:

எல்லை ஊரான சுனௌலி வழியாக நேபாளம் போனபோது வாட்ச் தானாகக் கால் மணி முன்னால் போய்விட்டது. அங்கே 5.45. போன் உள்ளூர் சிம் போடும்வரை ஐந்தரையிலேயே நின்றது. பஸ் வாட்ச்சின் நேரத்துக்குத்தான் கிளம்பியது.

புதியவன்:

நான் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். டிராக்கர் ஆப்பில் "இன்றைய கி.மீ." நள்ளிரவில் மாறாமல் காலை ஐந்தரைக்குத்தான் பூஜ்யம் ஆகிறது. கருவி பழுது என்று ஓனர் சொல்கிறார். இதுவும் அதேதானா?

வண்டிக்காரன்:

அதேதான் தம்பி. கருவியைக் கழற்ற விடாதீர்கள். இணையதளத்தில் ஓனர் அக்கவுண்டைத் திறந்து நேர மண்டலத்தை ஐந்தரைக்கு மாற்றச் சொல்லுங்கள். எங்களுக்குப் பழைய ரிப்போர்ட்டுகளும் சேர்ந்தே சரியாகிவிட்டன. கிடங்குக்காரரிடம் புது ரிப்போர்ட்டைக் கொடுத்தாயிற்று, 3.10லிருந்து கணக்குப் போட ஒத்துக்கொண்டார்.